மோடத்தின் மெய்வேகம்

எண்கள் பொய் கூறா என்பது உலகத்தார் கொண்ட நம்பிக்கை. கடைக்காரனது சொல்லை ஐயுறுவோரும் அவன் விற்கும் பெட்டியின்மேல் அச்சிட்ட எண்ணை ஐயுறார். யாமும் அங்ஙனம் நம்பியிருந்தவரே. இக்கல்லூரியில் 1999-ஆம் ஆண்டு முதல் 2002-ஆம் ஆண்டு வரை யாம் பயின்ற நாளில், தொலைபேசிக் கம்பியின் வழியே வீட்டை இணையத்தோடு பிணைத்த மோடம் என்னும் சிறு கருவி அந்நம்பிக்கையை எம்மிடமிருந்து களைந்தது. அதனோடு வேறொன்றையும் கற்பித்தது. அக்கல்விக்கு எம் குடும்பம் கொடுத்த விலை பெரிது. இப்பொழுது ஈண்டுப் பயிலும் இளைஞருள் பலர் மோடத்தின் ஓசையைக் கேட்டும் அறியார். ஆதலின் அதன் இயல்பை முதற்கண் சிறிது கூறிப் பின்னர் எம் கதைக்கு வருவோம்.

தொலைபேசிக் கம்பி மனிதர் குரலுக்கென அமைந்தது. விநாடிக்கு ஏறத்தாழ 300 அதிர்வு முதல் 3,400 அதிர்வு வரையுள்ள ஓசைப் பகுதியை மட்டுமே அது கொண்டுசெல்லும். பேச்சு விளங்குதற்கு அது போதும். கணிப்பொறியோ ஒன்று, சுன்னம் என்னும் இரண்டே குறிகளாற் பேசுவது. அக்குறி ஒவ்வொன்றும் பிட் எனப்படும். எட்டுப் பிட் கூடியது ஒரு பைட். அக்குறிகளை ஓசையாக்கிக் கம்பியில் விடுத்தலும், கம்பியில் வந்த ஓசையை மீண்டும் குறிகளாக்குதலுமே மோடத்தின் தொழில். இணைப்புத் தொடங்குங்கால் எழுந்த கீச்சொலியும் இரைச்சலும் வீண் கூச்சலல்ல. 'இக்கம்பி எவ்வளவு தாங்கும்?' என்று இரு மோடங்கள் தம்முள் வினாவி உடன்பாடு செய்துகொண்ட உரையாடலே அது.

அத்தாங்குதிறன் சிறிது சிறிதாக வளர்ந்தது. 1962-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் வெளிவந்த பெல் 103 என்னும் மோடம் விநாடிக்கு 300 பிட் அனுப்பியது. 1991-இல் வகுத்த விதி 14,400 பிட்டும், 1994-இல் வகுத்த விதி 28,800 பிட்டும் அனுப்ப இடந்தந்தன. 1996-இல் அது 33,600 ஆயிற்று. அதற்குமேற் செல்லல் அரிதென அறிஞர் கருதினர். இரைச்சல் கலந்த ஒரு வழியில் பிழையின்றி எவ்வளவு செய்தி செல்லக்கூடும் என்பதற்கு ஓர் எல்லையுண்டென்பதைக் கிளாட் ஷானன் என்னும் அறிஞர் 1948-ஆம் ஆண்டிலேயே கணக்கிட்டுக் காட்டியிருந்தார். 33,600 என்பது சாதாரணத் தொலைபேசிக் கம்பிக்கு அவ்வெல்லையை ஒட்டி நின்ற எண்.

நம் நாட்டில் 1986-ஆம் ஆண்டு தொடங்கிய எர்நெட் என்னும் கல்விப் பிணைப்பில், அடையாற்றை அடுத்த இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் முதற்கண் சேர்ந்த நிலையங்களுள் ஒன்றாயிருந்தது. பொதுமக்களுக்கு இணையத்தின் கதவு திறந்தது 1995-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள். விதேஷ் சஞ்சார் நிகம் என்னும் நிறுவனம் பம்பாய், டில்லி, கல்கத்தா, சென்னை ஆகிய நகரங்களில் அன்று அச்சேவையைத் தொடங்கியது. மாணவருக்கு 500 ரூபாயில் எழுத்து மட்டும் காணும் கணக்குக் கிடைத்தது. படங்காணும் கணக்கை விரும்பிய தனியாளர் 15,000 ரூபாய் செலுத்த வேண்டியிருந்தது. வேகமோ விநாடிக்கு 9,600 பிட். 1998-ஆம் ஆண்டு நவம்பரில் தனியார் நிறுவனங்களும் இத்துறையிற் புகுந்தபின்னரே எம்போன்ற நடுத்தரக் குடும்பத்தார் வீட்டில் இணையம் என்னும் சொல் நுழைந்தது.

நிற்க. 2000-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், மயிலாப்பூர்ச் சித்திரக்குளத்தின் அருகிலிருந்த எம் இல்லத்திற்கு ஒரு கணிப்பொறி வந்தது. அமெரிக்காவில் வாழ்ந்த எம் தமக்கையார் கருவுற்றிருந்தார். கடல்கடந்து பேசும் தொலைபேசிக் கட்டணம் எம் தந்தையாருக்குத் தாங்கவொண்ணாததாயிற்று. மின்னஞ்சலாயின் உள்ளூர் அழைப்பின் செலவோடு முடியுமென்று கண்டு, யாமும் எம் இளவலும் ரிச்சி தெருவுக்குச் சென்று ஒரு மோடம் வாங்கினோம். அதன் பெட்டியின்மேல் 56 என்னும் எண் பெரிதாகப் பொறித்திருந்தது. விநாடிக்கு 56,000 பிட், அஃதாவது 7,000 பைட் என்று வழியிலேயே கணக்கிட்டு மகிழ்ந்தோம்.

முதல் இணைப்பிலேயே திரையில் தோன்றிய எண் எம்மை வியப்பில் ஆழ்த்தியது. அது 1,15,200 என்றிருந்தது. வாங்கியதற்கு இருமடங்கு கிடைத்ததென்று எம் இளவல் துள்ளினான். மறுநாள் எம் பௌதிகப் பேராசிரியரிடம் இச்செய்தியைப் பெருமிதத்தோடு உரைத்தோம். அவர் முறுவலித்து, "எங்கிருந்து எங்கு வரை அளந்த வேகம் அது?" என்று வினவினார். விடை கூற யாம் அறிந்திலேம். "இரண்டு முனைகளைக் கூறாத வேகம் வேகமன்று. அது உன் கணிப்பொறிக்கும் மோடத்துக்கும் இடையிலுள்ள ஒரு முழக் கம்பியின் வேகம். வாசலுக்கும் கூடத்துக்கும் இடையே ஓடிவிட்டுக் காசிக்குப் போனேன் என்பாயா?" என்றார். மோடத்துக்கு இடும் தொடக்கக் கட்டளையில் 'டபிள்யூ 2' என்பதைச் சேர்த்தால், எம்முடையது போன்ற கருவிகள் தொலைபேசிக் கம்பியில் உண்மையாக ஏற்பட்ட வேகத்தைத் திரையிற் கூறும் என்பதையும் அவரே கற்பித்தார். "ஒரு குறிப்பேடு வைத்துக்கொள். நாள், நேரம், வானிலை, வேகம் நான்கையும் எழுதி வா" என்று பணித்தார்.

அங்ஙனமே செய்தோம். பெட்டியின் எண் ஒன்று, திரையின் எண் ஒன்று, மெய்யான எண் மற்றொன்று என்பது ஒரு வாரத்தில் விளங்கிற்று. வறண்ட இரவில், ஊர் அடங்கிய பின்னர், 44,000 அல்லது 45,333 கிடைக்கும். மாலையில் அது குறையும். மழை பெய்தாலோ 28,800. சில வேளை 26,400. ஒருநாளேனும் 56,000 கண்டோமில்லை.

இதன் காரணத்தையும் பேராசிரியர் விளக்கினார். தொலைபேசி நிலையம் நம் குரலை விநாடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட்டாக எழுதிச் செலுத்துகின்றது, பெருக்கினால் 64,000. அவ்வெட்டில் ஒன்றை நம்பத்தகாததென விடுத்து ஏழினை மட்டுங் கொண்டால் 56,000. 1998-ஆம் ஆண்டில் வகுத்த புதிய முறை இதனையே பற்றியெழுந்தது. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. இணையச் சேவை நிலையத்திலிருந்து தெருமுனைத் தொலைபேசி நிலையம் வரை செய்தி எண்ணாகவே வரவேண்டும். அங்கிருந்து வீட்டுக்கு வரும் கடைசித் துண்டுக் கம்பியில் மட்டுமே அஃது ஓசையாக மாறலாம். இடையில் ஒருமுறை கூடுதலாக மாறினும் அப்புதுமுறை நில்லாது. 33,600 என்னும் பழைய எல்லைக்குட்பட்டே இணைப்பு அமையும். மேலும் 56,000 என்பது வீட்டுக்கு வரும் திசைக்கு மட்டுமே. யாம் அனுப்பும் திசைக்கு எல்லை 33,600-ஏ. இம்முறை பிறந்த அமெரிக்க நாட்டிலுங்கூடக் கம்பியிற் செலுத்தும் மின்னாற்றலுக்கு வகுத்த விதியால் வேகம் 53,000-ஐ ஒட்டியே நின்றது.

குறிப்பேட்டைப் பார்த்தே முறையை அறியவும் பழகினோம். 33,600-க்கு உட்பட்ட எண் 2,400-ஆல் மீதியின்றி வகுபடுமாயின் அது பழைய முறை. 44,000, 45,333 போல்வன புதிய முறை. மண்ணிற் புதைந்த செப்புக்கம்பியின் இணைப்புகளில் மழைநீர் கசியின் இரைச்சல் மிகும். இரைச்சல் மிகின் மோடங்கள் தம் உடன்பாட்டைத் தளர்த்திக்கொள்ளும். இன்னும் மிகின் இணைப்பே அறும். அன்றியும் கிடைத்த வேகம் முழுவதும் நம் செய்திக்கே உரியதன்று. கடிதத்துக்கு உறையும் முகவரியும் வேண்டுமாப்போலே, செய்தியின் ஒவ்வொரு துண்டுக்கும் முகவரியும் பிழைகாணும் குறிப்பும் உடன் வரும். ஆகவே 28,800 பிட் கிடைத்த மழைநாளில் எம் கைக்கு வந்தது விநாடிக்கு 3,000 பைட் என்க. பெட்டி உரைத்ததோ 7,000!

அவ்வேகம் எழுத்துக்குக் குறைவன்று. சுவிட்சர்லாந்தில் வாழும் முனைவர் கு. கல்யாணசுந்தரம் அவர்கள் எம் ஊரின் பெயரால் 'மயிலை' என்னும் தமிழ் எழுத்துருவை உருவாக்கி இலவசமாக வழங்கியதும், 1998-ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின்வழிப் பழந்தமிழ் நூல்களை இணையத்தில் இடுவித்ததும் அக்காலத்து நிகழ்ச்சிகள். ஓர் எழுத்துக்குறிக்கு ஒரு பைட் என்று அமைந்த அந்நாளைய முறையில் 1,330 குறளும் ஒரு லட்சம் பைட்டுக்குள் அடங்கும். விநாடிக்கு 3,000 பைட் வரின், அரை நிமிஷத்துக்குச் சற்று மேற்பட்ட பொழுதில் வள்ளுவர் முழுமையும் வீடு வந்து சேர்வார். படமே பெருஞ்சுமை. இதனை யாம் நன்கறிந்தது அவ்வாண்டின் கார்த்திகை மாதத்தில்.

தமக்கையார்க்கு ஆண்மகவு பிறந்து ஒரு திங்கள் ஆகியிருந்தது. குழந்தையின் பத்துப் புகைப்படங்களை அனுப்பியிருப்பதாக எழுதியிருந்தார். படம் ஒன்று மூன்று லட்சம் பைட். ஆகமொத்தம் முப்பது லட்சம். மின்னஞ்சலிற் படத்தை இணைப்பின், எழுத்துருவமாக மாற்றி அனுப்பும் முறையால் அது மூன்றில் ஒரு பங்கு பெருக்கும். எனவே நாற்பது லட்சம். பெட்டியின் எண்ணை நம்பினால் பத்து நிமிஷத்துக்குள் முடியும் வேலை. மழைநாட் கணக்கின்படி இருபத்திரண்டு நிமிஷம். இடையில் இணைப்பு அறுமாயின் வந்தது முழுவதும் வீண். அஞ்சலை முதலிலிருந்து மீண்டும் பெறவேண்டும்.

அன்று மாலை நல்ல மழை. ஆறரை மணிக்குத் தொடங்கினோம். எம் அன்னையார் விளக்கேற்றிவிட்டு வந்து கணிப்பொறியின் முன் ஒரு மணையிட்டு அமர்ந்தார்கள். பேரனை அதுகாறும் அவர்கள் கண்டதில்லை. பதினான்காம் நிமிஷத்தில் இணைப்பு அறுந்தது. மீண்டும் தொடங்கினோம். பத்தொன்பதாம் நிமிஷத்தில் மீண்டும் அறுந்தது.

"போதும் அப்பா, காலையிற் பார்த்துக்கொள்ளலாம். இவ்வளவு நேரமாகிவிட்டது, யாராவது கூப்பிட்டால் கிடைக்காது" என்றார்கள் அன்னையார்.

யாம் கேட்டோமில்லை. பேரனைக் காட்டும் ஆவல் ஒருபுறம் இருந்தது மெய்யே. ஆயின் அதனினும் மிக்கதாய், கனமழையில் நாற்பது லட்சம் பைட் எத்துணைப் பொழுதில் வந்து முடியும் என்பதைக் குறிப்பேட்டில் எழுதிவிட வேண்டுமென்ற விருப்பமே எம்மை உந்தியது என்பதை ஈண்டு ஒளிக்காமற் கூறுதல் வேண்டும். மூன்றாம் முறையும் தொடுத்தோம். இம்முறை அறவில்லை. வந்து சேர்ந்த அளவைக் காட்டும் பட்டை முடிவை எய்தும் வேளையில் வாயிற்கதவு தட்டப்பட்டது.

நின்றவன் எம் அம்மான் மகன், பதினைந்து வயதினன். தியாகராய நகரில் பனகல் பூங்காவின் அருகிலுள்ள தம் வீட்டிலிருந்து மழையில் சைக்கிளில் வந்திருந்தான். பாண்டி பஜாரைக் கடந்து, தேனாம்பேட்டையில் அண்ணா சாலையின் குறுக்கே புகுந்து, எல்டாம்ஸ் சாலை, ஆழ்வார்பேட்டை, லஸ் என்று ஏறத்தாழ மூன்று மைல். முழங்கால் வரை சேறு.

"அத்தை, எத்தனை முறை போன் செய்கிறோம், கிடைக்கவேயில்லையே! அப்பாவுக்கு மார்பு வலி. ஆசுபத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள்" என்றான்.

அன்னையார் மணையை விட்டெழுந்த தோற்றம் இன்றும் எம் கண்முன் நிற்கின்றது. அவர்களும் தந்தையாரும் ஆட்டோவில் மருத்துவமனையை அடைந்தபோது அம்மானுக்கு நினைவு தப்பியிருந்தது. அது மீளவில்லை. நான்காம் நாள் அவர் காலமானார்.

பின்னர் அம்மான் மனைவியார் வாயிலாகத் தெரிந்தது இது. வலி தோன்றிய ஆறே முக்கால் மணிக்கு, யாரையும் அழைக்குமுன் அம்மான் தாமே எம் வீட்டு எண்ணை அழுத்தினாராம். மறுமுனை வேறொருவரோடு பேசுவதாகக் குறிக்கும் ஓசை கேட்டதாம். "தங்கையிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்" என்று கூறி மும்முறை முயன்றாராம். அவ்வொரு வார்த்தை இன்னதென்று எவர்க்கும் தெரியாது. பதினாறாம் நாள் கழிந்த இரவில், "அண்ணா என்ன சொல்லக் கூப்பிட்டிருப்பார்?" என்று எம் அன்னையார் ஒரே ஒருமுறை எம்மைக் கேட்டார்கள். எம்மைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதன்பின் அவ்வினாவையும் எழுப்பவில்லை.

குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தோம். அந்நாளுக்குரிய வரியில், 'கனமழை, 28,800, மும்முறை, முடிந்தது' என்று எம் கையெழுத்தில் இருந்தது. ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஆயினும் அவ்வேடு அன்று மாலை நிகழ்ந்ததைக் கூறவில்லை. எம் வீட்டுக்குள் விநாடிக்கு எத்தனை பிட் வந்தது என்பதையே யாம் அளந்தோம். அவ்வழியை அடைத்துக்கொண்டமையால் எது வர இயலாது வெளியே நின்றது என்பதை அளந்தோமல்லோம். ஒரே கம்பியில் குரலும் குறியும் ஒருசேரச் செல்லாமையே மோடத்தின் பெருங்குறை. அதனை வேக எண் எதுவும் காட்டாது.

அக்குறையை நன்கறிந்து அதனைத் தீர்க்க முயன்றோர், எம் வீட்டிலிருந்து சில மைல் தொலைவிலேயே இருந்தனர் என்பதைப் பிற்காலத்தில் அறிந்து யாம் வியந்தோம். இந்தியத் தொழில்நுட்பக் கழகத்துப் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவும் அவர்தம் டெநெட் குழுவினரும் 1990களில் உருவாக்கிய கார்டெக்ட் என்னும் கம்பியில்லா முறையில், ஒருவர் தொலைபேசியிற் பேசிக்கொண்டிருக்கும்போதே விநாடிக்கு 35,000 பிட் அளவில் இணையமும் நடக்கும். பேச்சில்லாத வேளையில் அது 70,000 ஆகும். 35,000 என்பது எம் வறண்ட இரவின் 44,000-க்குக் குறைந்ததே. பெட்டியின் எண்ணை ஒப்பிட்டு வாங்குவோன் அதனைத் தாழ்ந்ததென்று தள்ளியிருப்பான். யாமும் தள்ளியிருப்போம். ஆயின் அவ்வறிஞர் கேட்ட கேள்வி எமதினும் சிறந்தது: எவ்வளவு விரைவு என்பதோடு, அவ்விரைவுக்காக வீட்டார் எதனை இழக்கின்றனர் என்பதையும் அவர் கேட்டனர்.

மோடத்தின் காலம் முடிந்தது. அமெரிக்காவில் பெயர்பெற்ற ஏ.ஓ.எல். நிறுவனமுங்கூடத் தன் தொலைபேசிவழி இணையச் சேவையை 2025-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் நாள் நிறுத்திவிட்டது. இன்று மயிலாப்பூரில் ஒளியிழை வழியே வரும் வேகம் எம் பழைய வேகத்தினும் பல்லாயிர மடங்கு. பேரனின் பத்துப் படமும் இமைப்பொழுதில் வரும், பேச்சும் தடைப்படாது. எனினும் எண்ணின் மயக்கம் மட்டும் ஒழிந்தபாடில்லை. விளம்பரத்தில் 100 என்னும் எண் பெரிதாகவும், அதனை அடுத்து 'வரை' என்னும் சொல் சிறிதாகவும் அச்சாகின்றன. அவ்வெண் பிட்டைக் குறிப்பதை உணராது பைட் என்று கொள்வோர், எட்டில் ஒரு பங்கே வருவது கண்டு ஏமாறுகின்றனர். சுவரில் பொருத்திய கருவிக்கும் கைப்பேசிக்கும் இடையிலுள்ள வேகத்தை உலகத்தோடுள்ள வேகமென்று மயங்குவாரும் உளர். எம் இளவல் 1,15,200 கண்டு துள்ளியதற்கும் இதற்கும் வேற்றுமை யாது?

ஆதலின் மாணவ நண்பர்களே, எவரேனும் உங்களிடம் ஓர் எண்ணைக் கூறுவாராயின், எம் பேராசிரியர் எம்மைக் கேட்டதைக் கேண்மின்: எங்கிருந்து எங்கு வரை அளந்தது? எந்த அலகில்? எந்நாளில், எந்த வானிலையில்? இம்மூன்றும் நல்ல பௌதிகம். எம் அன்னையார் வாயிலாக யாம் கற்ற நான்காம் வினா ஒன்றுண்டு: இவ்வளவையை அளக்கும் பொழுதில் நம் வாயிலில் யார் காத்துநிற்கின்றார்?

பேரனுக்கு இப்பொழுது இருபது வயது கடந்துவிட்டது. அன்று வந்த படங்களை அன்னையார் மறுவாரம் தாள்களில் அச்சிடச் செய்து தம் பெட்டியில் வைத்துக்கொண்டார்கள். அம்மோடம் எம் வீட்டிலிருந்த காலம் முழுவதும், இரவில் யாம் இணைப்பை முடித்தபின் அவர்கள் வந்து தொலைபேசியின் கைப்பிடியை எடுத்துக் காதில் வைத்துக் கம்பியில் ஓசை வருகின்றதா என்று கேட்டுவிட்டே உறங்கச் செல்வார்கள்.